கிரீடமும் பாலும்

கடையில் சாமான் வாங்கிக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு வருகிறீர்கள். அங்கே இருக்கும் பெண் பொட்டலத்தைப் புரட்டி, அதில் அச்சடித்திருக்கும் கறுப்புக் கோடுகளை ஒரு கருவியின் முன்னால் காட்டுகிறாள். 'பீப்' என்று ஒரு சத்தம். பொட்டலம் உங்கள் பைக்குள் போய்விடுகிறது. சத்தம் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

அது வெகுதூரம் போகிறது. 1974-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த டிராய் என்ற ஊரில், ஒரு சூயிங் கம் பொட்டலம்தான் முதன் முதலில் இப்படிச் சத்தம் போட்டது. அன்று ஆரம்பித்த கணக்கு இன்னும் முடியவில்லை. எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எதோடு எதைச் சேர்த்து வாங்குகிறோம் என்பதெல்லாம் யாருடைய பேரேட்டிலோ ஏறிக்கொண்டே இருக்கிறது. இருபது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தும் கணவருக்குத் தெரியாத சங்கதியெல்லாம் சோப்புக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது!

இந்தக் கணக்கைப் பார்த்து, அடுத்தபடி எதை, யாருக்கு, எப்படி விற்பது என்று முடிவு செய்வது இப்போது ஒரு பெரிய உத்தியோகம். தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் எழும்பி நிற்கும் கண்ணாடி மாளிகைகளுக்குள், நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு: இந்திரா நூயி. 1955-இல் சென்னையில் பிறந்து, தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் வளர்ந்தவர். 2006 முதல் 2018 வரை பன்னிரண்டு வருஷம் பெப்ஸிகோ என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர். 2017-இல் சுமார் 2,60,000 பேருக்குச் சம்பளம் கொடுத்த ஸ்தாபனம் அது. அவர் பதவி ஏற்ற வருஷம் அதன் வருமானம் சுமார் 3,500 கோடி டாலர். 2017-இல் சுமார் 6,350 கோடி டாலர்.

அவருடைய வியாபார சாமர்த்தியத்தைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நமக்கு வேறொரு கேள்வி. ஊரார் வீட்டுக் கணக்கையெல்லாம் பார்த்த இந்த அம்மாளின் வீட்டுக் கணக்கை யார் பார்த்தார்கள்?

செட்டி சாலை வீடு அவருடைய பாட்டனார் கட்டியது. அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. வீட்டில் ஒரு பெரிய ஊஞ்சல். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு விழித்துக்கொண்டு, இருக்கிற பாத்திரங்களிலெல்லாம் நிரப்பி வைக்கிற தாயார். இதெல்லாம் மாம்பலத்தில் எந்த வீட்டிலும் இருந்ததுதான். இல்லாத ஒன்றும் அங்கே இருந்தது. சாப்பாட்டு வேளையில் தாயார் சாந்தா அம்மாள் பெண்களைப் பார்த்து, "நீ பிரதம மந்திரியானால் என்ன செய்வாய்? சொல்!" என்று கேட்பாராம். பெண்கள் எழுந்து பிரசங்கம் செய்யவேண்டும். யார் பேச்சு எடுபடுகிறதோ அவருக்குத்தான் அன்றைய பதவி!

அந்தத் தாயாருக்குக் கல்லூரியில் படிக்க வேண்டுமென்று ஆசை இருந்தது, கிடைக்கவில்லை. ஆகவே பெண்கள் உயரப் பறக்கவேண்டும் என்பது அவருடைய கனவு. அதே சமயம், பதினெட்டு வயதானதும் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதும் அவருடைய பிடிவாதம். மூத்தவர் சந்திரிகாவுக்கு ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, முதலில் கல்யாணம், பிறகுதான் படிப்பு என்று சொல்லி உண்ணாவிரதமே இருந்துவிட்டாராம். பாட்டனாரும் தகப்பனாரும் பெண்ணின் பக்கம் நின்றார்கள். அம்மாவின் ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்ஸிலேட்டரில் என்று இந்திரா இதை வர்ணிப்பதுண்டு. (அந்தச் சந்திரிகா பிற்காலத்தில் மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தில் பங்குதாரராகி, சங்கீதத்திலும் இறங்கி, 2025-இல் கிராமி பரிசும் வாங்கினார். உண்ணாவிரதம் தோற்றது நல்லதாகப் போயிற்று!)

இளையவர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் கிடார் வாசித்தார். கிறிஸ்துவக் கல்லூரியில் கிரிக்கெட் ஆடினார். கல்கத்தா நிர்வாகக் கல்லூரியில் படித்தார். சென்னையில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கொஞ்ச காலம். பிறகு பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சன்.

அங்கேதான் அவருக்கு ஒரு விசித்திரமான பொறுப்பு வந்து சேர்ந்தது. பெண்கள் மாதவிலக்குக் காலத்தில் உபயோகிக்கும் ஸ்டேஃப்ரீ என்ற பஞ்சு அணையாடையை இந்தியாவில் அறிமுகப்படுத்த வேண்டும். ஆண்டு 1977. இந்தச் சரக்கை நாலு பேர் அறிய வெளிப்படையாக விளம்பரம் செய்ய வழியில்லாத காலம். கடையில் இருந்தாலும், ஆண் பிள்ளை நிற்கும் கடையில் வாய் திறந்து கேட்க எந்தப் பெண் துணிவாள்? கேட்டாலும், ஏதோ திருட்டுச் சாமான் போலக் காகிதத்தில் சுற்றித்தான் தருவான். இப்படிப்பட்ட சரக்குக்குப் புள்ளிவிவரம் எங்கிருந்து வரும்? 'வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்டால் பதில் சொல்வதற்கே ஆள் கிடைக்காது. இந்திராவும் அவருடன் வேலை செய்தவர்களும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நேரே போய், பெண்களிடம் பேசி விற்றார்கள். 'பீப்' சத்தம் போடும் எந்தக் கருவியாலும் அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. சங்கோசம் என்பது என்ன, அது எந்த வாசற்படியில் நிற்கிறது என்று தெரிந்த ஒரு பெண்ணால்தான் முடியும்.

1978-இல் மேல் படிப்புக்காக அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைக்குப் போனார். கல்யாணமாகாத பெண் தனியாகக் கடல் கடப்பது அந்தக் குடும்ப வட்டாரத்தில் கேள்விப்படாத விஷயம். இனிமேல் இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஊர் பேசத்தானே செய்யும்! செலவுக்கு, விடுதியில் நள்ளிரவு முதல் விடியும் வரை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

இங்கே புடவைக் கதையைச் சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறை வேலைக்கு நேர்முகத் தேர்வு. கையில் இருந்த ஐம்பது டாலரைப் போட்டு மேல்நாட்டு உடுப்பு ஒன்று வாங்கினார். அது உடம்போடு ஒட்டவில்லை. கண்டவர்கள் எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். அழுதுகொண்டு போய் நின்ற பெண்ணிடம், வேலை வாய்ப்புப் பகுதியை நடத்திய அம்மாள் கேட்டார்: இந்தியாவாக இருந்தால் என்ன உடுத்திக்கொண்டு போவாய்? புடவை என்றார். அப்படியானால் அதையே உடுத்திக்கொண்டு போ என்றார் அம்மாள். அடுத்த தேர்வுக்குப் புடவையில் போனார். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

மேடைகளில் சொல்லும்போது கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். கைதட்டல் கிடைக்கும் இடமும் இதுதான். மிச்சத்தை 2021-இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கோடை முழுவதும் சிகாகோ காரியாலயத்துக்குப் புடவையில் போய் வந்தார். ஆனால் வாடிக்கைக் கம்பெனியைப் பார்க்க மற்றவர்கள் வெளியூர் போனபோது இவரை அழைத்துப் போகவில்லை. புடவை கட்டிய பெண்ணைக் கண்டால் அங்கே உள்ளவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்குமாம். வேலை கொடுக்கப் புடவை தடையாக இல்லை. வெளியே காட்டத் தடையாக இருந்தது. நம்முடைய பழக்கவழக்கங்களோடு அந்நிய இடத்தில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இந்த இரண்டாவது பாதி புரியும்.

1980-இல் ராஜ் நூயியைக் கல்யாணம் செய்துகொண்டார். பாஸ்டன் கன்சல்டிங் என்ற நிறுவனத்தில் வேலை. மூன்று வருஷத்துக்குள் சென்னையில் தகப்பனாருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தவருக்கு, ஆறு மாதம் வரை சம்பளத்தோடு விடுமுறை என்று மேலதிகாரி சொன்னார். தகப்பனார் 1983-இல் காலமானார். மறு வருஷம் மூத்த பெண் பிரீதா பிறந்தாள். அந்த விடுமுறை கிடைத்திராவிட்டால் தம் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று இந்திரா இன்றைக்கும் சொல்கிறார். ஒரு மேலதிகாரியின் நல்ல மனசு! அதை நம்பித்தான் ஒரு பெண்ணின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1993-இல் வந்த தேசியச் சட்டம் கூடப் பன்னிரண்டு வாரம் விடுமுறையைத்தான் தந்தது, சம்பளத்தை அல்ல. நம் தேசத்தில் 2017-இல் பிரசவ விடுமுறையைச் சம்பளத்தோடு 26 வாரமாக உயர்த்தினார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? அதற்கும் ஒரு ஏற்பாடு நடந்தது. தாயார், மாமனார், மாமியார், சித்தப்பா, அத்தை என்று உறவினர்கள் முறை வைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து விமானம் ஏறி வந்து, சில மாதம் இருந்து, அடுத்தவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். சந்தை ஆராய்ச்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன வருமானம், என்ன பற்பொடி என்று எழுதுகிறார்கள் அல்லவா? சிகாகோவில் இருந்த இந்த வீட்டுக்கு வந்திருந்தால், வருமானம் உள்ளவர்கள் இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். சமையலறையில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த மாமியார் எந்தக் கட்டத்திலும் அடங்கியிருக்க மாட்டார்.

பிறகு மோட்டரோலா, ஏபிபி. 1994-இல் பெப்ஸிகோ.

அந்த ஸ்தாபனத்துக்குக் கணக்கு என்பது தாய்ப்பால் மாதிரி. அதன் வறுவல் பிரிவான ஃபிரிட்டோ-லே, 1986-லேயே சுமார் 10,000 விற்பனையாளர்களுக்குக் கைக்கு அடக்கமான கணிப்பொறியைக் கொடுத்துவிட்டது. எந்தக் கடையில் எத்தனை பொட்டலம் போயிற்று, எத்தனை திரும்பியது என்று அவர்கள் தட்டி அனுப்ப, தலைமைக் காரியாலயத்தில் உட்கார்ந்தபடியே ஊர் நிலவரத்தைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடத்தின் தலைவியாக வந்த பிறகும், இந்திரா வாரா வாரம் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து அலமாரிகளைப் பார்த்துவிட்டு வருவார். தலைமை அதிகாரியாக அல்ல, ஒரு தாயாராக நின்று, இதில் எது என் கையைக் கூப்பிடுகிறது என்று தம்மையே கேட்டுக்கொள்வாராம்.

சகாக்களுக்கும் அந்தக் கண் வரவேண்டுமென்று, ஆளுக்கொரு காமிராவும் வெறும் ஆல்பமும் கொடுத்தார். அழகாக அமைந்திருக்கிறது என்று தோன்றும் எதை வேண்டுமானாலும் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஆறு வாரம் கழித்து, சில பேர்தான் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பலர் ஒன்றுமே செய்யவில்லை. சிலர், மனைவியிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்! அந்த மனைவிமார்களுக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் பெண்களைப் பற்றிய கணக்கைக் கையில் வைத்திருப்பது பெண்ணே ஆனாலும் ஆபத்துத்தான். 2018 ஜனவரியில் வெளியான ஒரு வானொலிப் பேட்டியில் இந்திரா ஒரு தகவலைச் சொன்னார். நாலு பேர் முன்னிலையில் வறுவலைச் சத்தமாகக் கடிக்கப் பெண்கள் விரும்புவதில்லையாம், விரலை நக்குவதில்லையாம், பொட்டலத்தின் அடியில் கிடக்கும் தூளை அப்படியே வாயில் கொட்டிக்கொள்வதில்லையாம். ஆகவே பெண்களுக்கென்று வேறு விதமாகத் தயாரிக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றார். அவ்வளவுதான்! சத்தம் போடாத வறுவலா, எங்களுக்கா, என்று பெண்கள் உலகெங்கும் போட்ட சத்தத்தில், அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று ஸ்தாபனம் அறிக்கை விடவேண்டி வந்தது. கணக்குத் தப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. பெண்கள் சத்தம் போடாமல் கடிக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லும். சிறு வயதில் யார் அதட்டியதால் என்று சொல்லாது. முறுக்கைக் கையால் பொத்திக்கொண்டு கடித்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

இனி, பால் கதை.

2000-ஆம் வருஷம். இரவு ஒன்பதரை மணி. காரியாலயத்தில் இருந்த இந்திராவுக்கு, ஸ்தாபனத்தின் பிரஸிடெண்டாக அவரை நியமிக்கப் போவதாகத் தகவல் வந்தது. பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். மாடிப்படியில் தாயார் நின்றுகொண்டிருந்தார். "அம்மா, ஒரு நல்ல சேதி!" "சேதி இருக்கட்டும். முதலில் போய்ப் பால் வாங்கி வா." அவர் எட்டு மணிக்கே வந்துவிட்டாரே, அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அவர் களைத்துப் போயிருக்கிறார் என்று பதில். வேலைக்காரர்களிடம் சொல்லியிருக்கலாமே? மறந்துவிட்டது. பாலை வாங்கி வந்து மேஜைமீது ஓங்கி வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார். தாயார் அசரவில்லை. நீ அங்கே எதுவாக வேண்டுமானாலும் இரு. இந்த வீட்டுக்குள் வந்தால் நீ மனைவி, மகள், மருமகள், தாயார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வர முடியாது. கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே வைத்துவிட்டு வா என்றார்.

2014-இல் ஆஸ்பென் நகரத்தில் நடந்த ஒரு சம்பாஷணையில் இந்திரா இதைச் சொன்னார். அன்று முதல் நம் ஊர்க் குடும்பங்களில் இந்தக் கதை தாலாட்டு மாதிரி பாடப்படுகிறது. 'பார்த்தாயா, எவ்வளவு பெரிய உத்தியோகமானாலும் பெண் பெண்தான்' என்று மருமகள் காதில் விழும்படி சொல்வதற்கு வசதியான கதை. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. வீட்டுக்குள் கர்வம் வேண்டாம் என்றால் சரி. ஆனால் எட்டு மணிக்கு வந்தவருக்கு இருந்த களைப்பு, பத்து மணிக்கு வந்தவருக்கு இருக்காதா? கார் ஷெட்டில் கிரீடங்களை வைக்கிற அலமாரி பெண்களுக்கு மட்டும்தானா?

இதற்கும் புள்ளிவிவரம் இருக்கிறது. 2019-இல் மத்திய சர்க்காரின் புள்ளிவிவர அலுவலகம், ஜனங்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசமெங்கும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். அந்த வேலையில் கொஞ்சமாவது கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்கள் 26 பேர். சோப்பும் வறுவலும் விற்பதற்காக எத்தனையோ வருஷமாக நம் வீட்டை எண்ணியிருக்கிறார்கள். நாம் செய்கிற வேலையையும் ஒரு வழியாக எண்ணிவிட்டார்கள்!

அதே ஆஸ்பென் பேச்சில் இந்திரா இன்னொன்றும் சொன்னார். பாலைவிட எனக்கு இதுதான் மனசில் நிற்கிறது. மகளின் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குத் தாய்மார்கள் கூடிக் காப்பி சாப்பிடுவார்கள். உத்தியோகம் பார்க்கும் தாயார் அந்த நேரத்துக்கு எப்படிப் போவது? மாலையில் பெண் வீட்டுக்கு வந்து, இன்னின்னாருடைய அம்மாவெல்லாம் வந்தார்கள், நீ வரவில்லை என்று பட்டியல் போடுவாள். முதலில் குற்ற உணர்ச்சியில் துடித்துப் போனார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு டெலிபோன் செய்து, வராத தாய்மார்களின் ஜாபிதாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்! 'இவள் அம்மா வரவில்லை, அவள் அம்மா வரவில்லை. நான் மட்டுமா கெட்ட அம்மா?' என்று பதில் பட்டியல் தயார். வாழ்நாளெல்லாம் கற்ற தொழில் வித்தையைச் சொந்த வீட்டில் அவர் பிரயோகித்தது இந்த ஒரு காரியத்துக்குத்தான் போலிருக்கிறது.

சின்னப் பெண் தாரா வீடியோ விளையாட்டு விளையாட அனுமதி கேட்டு ஆபீசுக்குப் போன் செய்வாள். அம்மா ஜப்பானில் இருக்கிறாரா, சீனாவில் இருக்கிறாரா என்பது அவளுக்குத் தெரியாது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். வீட்டுப் பாடம் முடிந்ததா? பலகாரம் சாப்பிட்டாயா? எல்லாம் ஆயிற்று என்றால் அரை மணி நேரம் விளையாட உத்தரவு! ஒரு குழந்தையை வளர்க்க மேஜைக்கு மேஜை ஆள் வேண்டியிருந்தது. குழந்தை பெறுகிற வயதும் உத்தியோகத்தில் மேலே ஏறுகிற வயதும் ஒன்றாகவே வருகின்றன. குழந்தைகள் வளர்ந்து அம்மாவைத் தேடும்போது கணவருக்கும் நாம் வேண்டியிருக்கிறது. அதற்குள் பெற்றோர்களுக்கு வயதாகிவிடுகிறது. பெண்களால் எல்லாவற்றையும் அடைய முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை, அடைந்துவிட்டதாகப் பாசாங்கு செய்கிறோம் என்றே இந்திரா சொல்லிவிட்டார். தம் பெண்களைக் கேட்டால் தம்மை நல்ல தாயார் என்று சொல்வார்களா என்பதும் அவருக்கு நிச்சயமில்லை.

வேர் அறுந்ததா என்றால், இல்லை. 2006-இல் தலைமைப் பதவி கிடைத்ததும் சென்னைக்கு வந்தார். தாயார் வீட்டுக்கு விருந்தினர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நேரே தாயாரிடம் போய், பெண்ணை எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று கொண்டாடினார்கள். அமெரிக்கா திரும்பியவருக்கு ஒரு யோசனை. தம்மிடம் வேலை பார்த்த பெரிய அதிகாரிகளின் தாய் தகப்பன்மாருக்கு, உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி என்று கடிதம் எழுத ஆரம்பித்தார். பிற்பாடு இப்படிச் சுமார் 400 அதிகாரிகளின் பெற்றோருக்கு எழுதினார். ஐம்பது வயதுப் பிள்ளையின் 'பிராக்ரஸ் ரிப்போர்ட்' கையில் கிடைத்த கிழவர்களுக்குத் தலைகால் புரியவில்லை; பதில் எழுதினார்கள், அக்கம் பக்கத்தில் காட்டினார்கள். மாம்பலத்துக் கூடத்தில் சர்வ சாதாரணமான மரியாதை, அமெரிக்க வியாபாரத்தில் ஒரு புதுமையாகிவிட்டது. 2009 நவம்பரில் வாஷிங்டனில் பிரதமர் மன்மோகன் சிங் ஜனாதிபதி ஒபாமாவிடம் இவரைக் காட்டி, இவர் எங்களவர் என்றார். எங்களவரும்கூட என்றாராம் ஒபாமா.

பதவியிலிருந்து இறங்கி எழுதிய புத்தகத்தில் அவர் அதிகமாக வாதாடுவது வியாபாரத்தைப் பற்றி அல்ல. சம்பளத்தோடு விடுமுறை வேண்டும், வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும், குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள நம்பகமான ஏற்பாடு வேண்டும் என்கிறார். விமானம் ஏறி வர அத்தைகள் இல்லாத வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதே அவர் கேள்வி.

தாரா சிறு குழந்தையாக இருந்தபோது தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'தயவு செய்து' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டு, வீட்டுக்கு வந்துவிடு அம்மா, இப்போதும் உன்னிடம் எனக்குப் பிரியம்தான், நீ வீட்டுக்கு வந்தால் இன்னும் அதிகப் பிரியமாக இருப்பேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் காகிதத்தை இந்திரா நூயி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.